மூடிய பின்னும் விழித்திருக்கும் லேப்டாப்

லேப்டாப்பின் மூடியை மூடினால் அது தூங்கிவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். என் தங்கை மகளும் அப்படித்தான் எண்ணினாள். கல்லூரி புராஜெக்டை டைப் செய்து முடித்து, லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஏறினாள். காலையில் எடுத்தால் பை முழுக்கச் சூடு, பேட்டரி காலி. சேவ் செய்யாத கடைசி நான்கு பக்கங்களும் போய்விட்டன. "மூடித்தானே மாமா வைத்தேன்?" என்று போனில் அழுதாள்.

விசாரித்தபோது காரணம் தெரிந்தது. சில நாட்களுக்கு முன் ஒரு பெரிய பைலை இரவு முழுக்க டவுன்லோட் செய்ய வேண்டியிருந்ததாம். மூடினாலும் வேலை நிற்காதபடி தோழி ஒருத்தி செட்டிங்கை மாற்றித் தந்திருக்கிறாள். திரும்ப மாற்ற இருவருக்குமே மறந்துவிட்டது.

மூடியது எப்படித் தெரிகிறது?

பெரும்பாலான லேப்டாப்களில் திரையின் விளிம்பில் ஒரு சிறிய காந்தமும், கீழ்ப்பகுதியில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தம் அருகே வந்ததும் சென்சார் விண்டோஸுக்குச் செய்தி அனுப்பும். அடுத்து என்ன செய்வது என்பதை நாம் அமைத்துள்ள செட்டிங்தான் முடிவு செய்கிறது. எனவே கோளாறு செட்டிங்கில் இருக்கலாம். அல்லது சென்சாரில் இருக்கலாம். முதலில் செட்டிங்கைப் பார்ப்போம்.

செட்டிங்கைச் சரி செய்திட

1. கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹார்டுவேர் அண்ட் சவுண்ட், அதில் பவர் ஆப்ஷன்ஸ் செல்லவும்.

2. இடது பக்கம் உள்ள 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்' என்பதில் கிளிக் செய்திடவும்.

3. 'வென் ஐ குளோஸ் த லிட்' என்ற வரிக்கு எதிரே 'ஆன் பேட்டரி', 'பிளக்டு இன்' என இரண்டு கட்டங்கள் இருக்கும். 'டு நத்திங்' என்று இருந்தால் அதுதான் வில்லன். இரண்டிலும் 'ஸ்லீப்' என மாற்றவும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, சரியாகவில்லையே என்று குழம்புபவர்கள் உண்டு.

4. கீழே உள்ள 'சேவ் சேஞ்சஸ்' பட்டனை அழுத்தவும். இதை அழுத்தாமல் வெளியேறினால் மாற்றம் பதிவாகாது.

ஸ்லீப் நிலையில் வேலைகள் ராம் மெமரியில் இருக்கும். அதற்குச் சிறிது மின்சாரம் செலவாகும். பட்டியலில் 'ஹைபர்னேட்' இருந்தால், 'ஆன் பேட்டரி' கட்டத்திற்கு அதுவே பாதுகாப்பானது. அது திறந்திருக்கும் வேலைகளை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். பேட்டரி தீர்ந்தாலும் பயமில்லை.

இன்னும் அணையவில்லையா?

ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனைக் கிளிக் செய்து 'ஸ்லீப்' கொடுத்துப் பாருங்கள். அப்போதும் தூங்கவில்லை என்றால் கோளாறு சாப்ட்வேரில் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் அப்டேட்டை இயக்கி, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான கிராபிக்ஸ், சிப்செட் டிரைவர்களைப் புதுப்பிக்கவும்.

மெனுவில் ஸ்லீப் வேலை செய்து, மூடினால் மட்டும் தூங்கவில்லை என்றால் சென்சார் அல்லது காந்தத்தைச் சந்தேகிக்கலாம். திரை மாற்றிய லேப்டாப்களில் காந்தத்தைத் திரும்பப் பொருத்த மறந்திருக்கலாம். இதை நீங்களே பிரிக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் இந்த விவரத்தைச் சொல்லிக் கொடுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. காந்தம் வைத்த போன் கவரைக் கீபோர்டின் பக்கத்தில் வைத்தால், மூடாமலேயே சில லேப்டாப்கள் தூங்கிவிடும்.

சரியானதா என்று அறிய ஓர் எளிய வழி: இரவில் விளக்கை அணைத்துவிட்டு லேப்டாப்பை மூடி, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சிறிது நேரம் கழித்தும் பேன் ஓடும் சத்தம் கேட்டால், திரை அணைந்திருந்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று பொருள்.

தங்கை மகள் அன்று ஹாஸ்டலில் உட்கார்ந்து நான்கு பக்கங்களையும் மறுபடி டைப் செய்து மாலைக்குள் கொடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும் முன் சேவ் செய்து, ஷட் டவுன் கொடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் பையில் வைக்கிறாள். நீங்களும் அப்படியே செய்திடுங்கள்.