தரவை மண்ணின் பங்கசுகள்

தொண்டைமானாறு என்றால் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்தான் ஞாபகம் வரும். அந்தத் தாளில் படித்த பங்கசுகள் ஊரின் மண்ணிலேயே இடத்துக்கிடம் மாறுவதைப் பார்த்தவர்கள் குறைவு. நீரேரியோரம் கண்டல், அடுத்து உமிரி படர்ந்த உவர்நிலமான தரவை, பிறகு மணலும் பனங்கூடலும், அப்பால் வெங்காயத் தோட்டங்கள். நடந்தே பார்த்துவிடலாம்.

இவற்றைப் பிரிப்பது முக்கியமாக உப்பு. கடல்நீர் ஏறாமல் ஆற்று முகத்தில் தடுப்பணை உண்டு. ஆனாலும் கோடையில் தண்ணீர் வற்றினால் தரவையில் உப்புப் பூத்துவிடும், மாரி வந்துதான் கழுவ வேண்டும். உப்பு மண் பங்கசின் கலத்திலுள்ள நீரை வெளியே இழுக்கும். அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்கள் பல கலத்துக்குள் கிளிசரோலைச் சேர்த்து அதைச் சமாளிக்கின்றன. கண்டலடியிலோ ஒட்சிசனும் தட்டுப்பாடு. விழுந்த இலையிலும் பட்ட தடியிலும் பங்கசு செழிக்கும். சேற்றைக் கொஞ்சம் கிளறினால் கூழ்முட்டை மணம்தான், அங்கே பற்றீரியாவின் ஆட்சி.

பனங்கூடலில் விழுந்த ஓலையையும் மட்டையையும் மக்கச் செய்பவை ஒருபுறம். பனைவேருக்குள் குடியிருந்து மண்ணின் பொசுபரசை மரத்துக்கு எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சணம் மறுபுறம்.

சிக்கல் இவற்றை எண்ணுவதில்தான். வழமையாக ஒரு கிராம் மண்ணைக் கரைத்து, பத்துப் பத்து மடங்காக ஐதாக்கி, அகர்த் தட்டில் விடுவார்கள். சில நாளில் பச்சையும் கறுப்புமாகத் திட்டுகள் எழும்பும். ஆனால் தட்டில் முந்துவது வித்திகளை வாரியிறைக்கிற வகைகள். மண்ணில் உழைத்ததும் வித்தியாகக் கிடந்ததும் அங்கே ஒன்றுபோலவே தெரியும். வேர்ப்பூஞ்சணம் உயிருள்ள வேரில்லாமல் தட்டில் எழும்பவே எழும்பாது. எனவே எங்கும் அஸ்பெர்ஜில்லஸே அதிகம் என்று முடிக்கிற அறிக்கைகளை நான் அரைநம்பிக்கையோடுதான் வாசிப்பேன். தட்டில் வளர்க்காமல், உலகெங்கும் 365 இடங்களின் மண்ணை டிஎன்ஏ வழியே ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, பங்கசு வகைகளின் பெருக்கத்தைத் தாவரப் பன்மையைவிடக் காலநிலையும் மண்ணுமே நிர்ணயிப்பதாகக் காட்டியது.

மண்ணில் எந்தப் பங்கசு உழைக்கிறது என்பது தோட்டக்காரருக்கும் சேர்ந்த விசயம். வெங்காயத்தின் அடியை அழுகவைக்கும் பியூசேரியம், பயிரில்லாத காலத்திலும் தடித்த சுவருள்ள வித்தியாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதை அடக்க டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பங்கசை இடுகிறார்கள். தொண்டைமானாறு அடங்கிய, கிணறுகள் உவராகிவரும் வடமராட்சியில், உப்புப் பழகாத டிரைக்கோடெர்மா எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? உவரிலேயே வளர்ந்த வகைகளைத் தரவை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, வெங்காயப் பாத்தியில் இட்டுப் பார்க்கலாம். மாரிக்கு முன்னும் பின்னும் மண் எடுத்தால் இன்னும் நல்லது.