தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்

குளியலறைத் தொட்டியில் பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் நிரப்பினால் கொசு ஒழிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது மட்டும் போதாது.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. முட்டைகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நீர் வற்றினாலும் பல மாதங்கள் கெடாமலிருந்து, மீண்டும் நீர் ஏறியதும் பொரிந்துவிடும். பின்னர் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுவாகிப் பறக்கும்.

ஆகவே, வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, உட்சுவர் முழுவதையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். கழுவிய நீரைக் கால்வாயில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். லயத்து வாசலில் மழைநீர் பிடிக்கும் பீப்பாய்களையும் இவ்வாறே கழுவி, இறுக மூடி வையுங்கள்.

டிங்கி உயிரையும் பறிக்கக்கூடிய நோய். உங்கள் பிள்ளைகளைக் காக்க, இந்த வாரமே தொடங்குங்கள்.