செருப்பு நழுவினால் ரத்தத்தில் தெரியுமா?

திருச்சி தில்லை நகர் குறுக்குத் தெருக்களில் டாக்டர் பலகைக்கும் லேப் பலகைக்கும் பஞ்சமில்லை. 'முழு உடல் பரிசோதனை' என்று ஒரே ஊசியில் ரத்தம் எடுத்து, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் பார்த்துவிடுவார்கள். ஆனால் நடக்கையில் ஒரு கால் செருப்பு மட்டும் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட விரல் வளைய மறுக்கிறது என்று வருபவருக்கு அந்தப் பட்டியலில் விடை இருக்காது. மோட்டார் நியூரான் நோய் பெரும்பாலும் இப்படித்தான், வலியே இல்லாமல் தொடங்கும். வலி இல்லை என்பதாலேயே எண்ணெய் தேய்த்தபடி மாதங்களைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. முதுகெலும்பு ஆபரேஷன் வரை போய் வந்தவர்களும் உண்டு.

நலமான செல்லின் அடையாளம்

தண்டுவடத்தில் இருக்கும் ஓர் இயக்க நரம்பு செல் (இதுதான் மோட்டார் நியூரான்), பாதத்துத் தசை வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீள இழையை அனுப்புகிறது. அந்த இழையின் நுனியில் அசிட்டைல்கோலின் சுரந்தால்தான் தசை சுருங்கும். அதைத் தயாரிக்கும் நொதி கோலின் அசிட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ். ஆய்வகத்தில் இந்தப் புரதத்துக்குச் சாயமேற்றித்தான் இயக்க நரம்பு செல்லை இனம் காண்கிறார்கள். இழைக்கு உள்ளே சாரம் போல நின்று தாங்குவது நியூரோஃபிலமென்ட்.

இடம் மாறும் புரதம், கசியும் புரதம்

டி.டி.பி.-43 செல்லின் உட்கருவில் ஆர்.என்.ஏ.வைப் பக்குவப்படுத்தும் புரதம். மோட்டார் நியூரான் நோயின் முக்கிய வகையான ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது உட்கருவை விட்டு வெளியேறி, செல்லுக்குள் கட்டியாய்த் திரள்கிறது என்று 2006-இல் கண்டறிந்தார்கள். சிக்கல் என்னவென்றால், இறந்தவரின் திசுவில் தெளிவாகத் தெரியும் இந்த மாற்றத்தை உயிருள்ளவரின் ரத்தத்தில் அளப்பது இன்னும் எளிதாகவில்லை.

ரத்தத்தில் அளக்க முடிவது நியூரோஃபிலமென்ட்தான். இழை சிதையும்போது அது தண்டுவட நீரில் கசிந்து, ரத்தத்துக்கும் வந்து சேர்கிறது. அளவு கூடுதலாக இருந்தால் நோய் வேகமாகப் போகிறது என்று கொள்ளலாம். ஆனால் பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் அது ஏறும். வயதானாலே சற்று ஏறும். கொள்ளிடத்தில் வாழை மரங்கள் மிதந்து வந்தால் மேலே எங்கோ தோப்பு சாய்ந்தது என்று தெரியும், யாருடைய தோப்பு என்று தெரியாது அல்லவா? அந்தக் கதைதான்.

எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிழையால் வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்கு டோஃபர்சென் என்ற மருந்தை 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. 28 வார ஆய்வில் நோயாளிகளின் செயல்திறனில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. நியூரோஃபிலமென்ட் குறைந்தது, அதை நம்பி அனுமதி தந்தார்கள். எனக்கு இதில் சற்று நெருடல் உண்டு. ஆனாலும் ஏ.எல்.எஸ்.ஸில் இந்தப் பிழை உள்ளவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேர்தான். வேறு வழியில்லாத அவர்களைக் காத்திருக்கச் சொல்லவும் மனம் வராது.

மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இளவயதினரிடம் ஒரு தனிப் பாங்கைக் கவனித்து எழுதினார்கள். கைகால் மெலிகிறது, முகமும் நாக்கும் தளர்கின்றன, கூடவே காதும் மந்தமாகிறது. ஏ.எல்.எஸ். பலரை 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் கொண்டுபோய்விடும். இதுவோ மிக மெதுவாக, பல ஆண்டுகள் நகரும். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே உலகம் அதை அழைக்கிறது. புரதச் சோதனை ஏதுமின்றி, நோயாளிகளை உற்றுப் பார்த்தே அவர்கள் பிரித்தறிந்தார்கள்.

டாக்டரிடம் போகும்போது

முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். தசையில் மெல்லிய ஊசி செருகிப் பார்க்கும் இ.எம்.ஜி., கழுத்துத் தண்டுவட அழுத்தம் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ., பி12, தைராய்டு ஆகியவை முன்னால் வரும். நியூரோஃபிலமென்ட் சோதனையை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. நோய் உறுதியானால் ரிலுசோல் மாத்திரை சில மாத அவகாசம் தரலாம். தேவை வரும்போது மூச்சுத் துணைக்கருவியைத் தள்ளிப்போடக் கூடாது.

தோளிலோ தொடையிலோ தசை தானாகத் துடிப்பதைச் செல்போனில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள், டாக்டர் பார்க்கும் நேரத்தில் அது அடங்கிவிடக்கூடும். நோயாளி இளவயதுக்காரர் என்றால், காது கேட்பதில் குறை இருந்தாலும் 'அது வேறு விஷயம்' என்று விடாமல் சொல்லுங்கள்.