மூட்டு வலிக்கு மோர் மருந்தாகுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரானாலும், ஆவடியில் வீட்டோடு தையல் மெஷின் மிதிப்பவரானாலும், வயது ஏற ஏற முட்டி பிடித்துக்கொள்கிறது. உடனே மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். டைக்ளோபினாக் போன்ற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னியும் கெடும்.

குடலுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்தால், கெட்ட கிருமிகளின் கழிவு ரத்தத்தில் கலந்து அழற்சியைக் கூட்டும். தேய்ந்த மூட்டு அதில் இன்னும் வலிக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சீனாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 537 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. நல்ல நுண்ணுயிர் சேர்த்த பாலை ஆறு மாதம் குடித்தவர்களுக்கு வலி குறைந்ததாம். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு வளராது. ஒரே ஆய்வை நம்பி, உள்கடன் எடுத்து ‘புரோபயாடிக்’ பவுடர் டப்பா வாங்காதீங்க!

நம்ம வீட்டு மோரிலும் பழைய சோற்று நீராகாரத்திலும் இந்த வகை நுண்ணுயிர்கள் உண்டு. (இட்லி மாவிலும் இருக்கும், வேகும்போது செத்துவிடும்.) சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோற்றை ஆராய்ந்திருக்கிறார்கள், மூட்டுக்கு அல்ல. சர்க்கரை உள்ளவர்கள் சோற்றின் அளவைப் பாருங்க, பிரஷர் உள்ளவர்கள் ஊறுகாயைத் தள்ளி வையுங்க.

வலியைக் குறைக்க உறுதியான வழி எடை குறைப்பதும் தொடைத் தசைப் பயிற்சியும்தான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்க. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. உங்க ஏரியா நர்ஸம்மாவிடம் விசாரியுங்க.