விலையில்லாச் சீழ்க்கை

தேனி மாவட்ட மலையோடைகளின் ஓரம் விடியற்காலையில் நடப்பவர்கள், யாரோ ஒரு சிறுவன் கவலையின்றிச் சீழ்க்கையடித்துச் செல்வதாக எண்ணித் திரும்பிப் பார்ப்பதுண்டு. அங்கே சிறுவன் இருக்கமாட்டான். பாறை நிழலில் கருநீலப் பறவையொன்று அமர்ந்திருக்கும். அதன் நெற்றியிலும் தோளிலும் நீலம் பளிச்சிடும். அதுதான் சீகாரப் பூங்குருவி. ஆங்கிலேயர் அதற்கு 'சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்றே பட்டப்பெயர் சூட்டினர்.

ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள இப்பறவையின் வாழ்வு நீரோடைகளைச் சார்ந்தது. பூச்சி, மண்புழு, நண்டு, தவளை, காட்டுப் பழங்கள் ஆகியவை அதன் உணவு. பெரும்பாலும் ஓடையோரப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகிறது. நிழல் தரும் மரமும் வற்றாத நீரும் இல்லாவிட்டால் அதன் பாட்டும் இல்லை.

அதே நீர்தான் நமக்கும் சோறு போடுகிறது. வைகை பிறப்பது வருசநாட்டு மலைத்தொடரில். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 1,016 சதுர கி.மீ. பரப்புள்ள திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், புலியை மட்டுமன்றி இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியையும் காக்கிறது.

பொருளியல் பயிற்றுவித்த எனக்கு, இப்பறவையின் பாட்டு ஒரு பாடத்தை நினைவூட்டுகிறது. ஒருவர் கேட்பதால் மற்றவருக்குக் குறையாது. கேட்கவிடாமல் எவரையும் தடுக்கவும் இயலாது. இத்தகையவற்றைப் பொதுப் பண்டம் என்போம். அதற்குச் சந்தையில் விலையில்லை. விலையில்லாததால் அதைக் காப்பதற்கான செலவும் கணக்கில் வருவதில்லை.

ஆனால், அச்செலவை யாரோ சுமக்கத்தான் செய்கிறார்கள். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுடன் வரையறுத்தது. தலைமுறைகளாகக் காட்டில் மேய்ந்துவந்த தேனி மலைமாடுகளை வளர்ப்போருக்கு அது வாழ்வாதாரக் கேள்வி. காடு காக்கப்படுவதன் பயன் ராமநாதபுரம் வரை பாய்கிறது. சுமையோ மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய வழி உண்டு. மத்திய வரிவருவாயில் மாநிலங்களின் பங்கைப் பிரிக்கும்போது, 14-ஆவது நிதிக் குழு வனப்பரப்புக்கு 7.5 சதவீத மதிப்பளித்தது. 15-ஆவது நிதிக் குழு காடு மற்றும் சூழலியலுக்கான அம்மதிப்பை 10 சதவீதமாக உயர்த்தியது. காட்டைக் காப்பவருக்கு ஈடு தரவேண்டும் என்னும் இதே நெறியை மாநில அரசு தன் நிதிப் பகிர்விலும் பின்பற்றி, வனத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் மேய்ச்சல் இழந்த குடும்பங்களுக்கும் உரிய பங்கைத் தரவேண்டும்.

சீழ்க்கை விலையின்றிக் கிடைக்கட்டும். அதற்கான விலையை எளியவர்கள் மட்டும் கொடுப்பது நியாயமன்று.