ஆறு ரூபாய் ரன்னர்

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாளில் ஆறு முறை புத்தகப்பையைத் திறந்து மூடுவதாக வைத்துக்கொள்வோம். திறக்க ஓர் ஓட்டம், மூட ஓர் ஓட்டம், ஆக நாளுக்கு 12. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டில் 220 வேலைநாள் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியானால் ஆண்டுக்கு 2,640 ஓட்டம். பையின் பெரிய ஜிப் 45 செ.மீ. நீளம் என்றால், அதன் மேல் ஏறி இறங்கும் ரன்னர் ஒரு பள்ளி ஆண்டில் 1,188 மீட்டர் போய்வருகிறது. பெரிய ஜிப்பில் இரண்டு ரன்னர் கோத்திருப்பார்கள். ஆனாலும் பிள்ளைகள் கைக்குப் பழகிய ஒன்றைத்தான் இழுப்பார்கள். ஒரு சின்ன உலோகத் துண்டு, மண்ணும் மழையும் பட்டபடி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் உராய்ந்துகொண்டே போகிறது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறிக் கரியாலூர் போகும் பஸ்ஸில் இந்தப் பைகளைப் பார்க்கலாம். மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. விடுதிப் பிள்ளைக்குப் புத்தகப்பைதான் துணிப்பையும். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கைப்படி, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. ஊருக்குப் போகும் நாளில் இரண்டு செட் துணியும் ஒரு போர்வையும் உள்ளே போனால் எடை கூடுவது ஒருபுறம் இருக்கட்டும், பை உப்பிவிடுகிறது. ஜிப்புக்கு எடையைவிட உப்பல்தான் எதிரி. கீழே இழுக்கும் பாரத்தை வாரும் தையலும் தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் பிளக்கும் விசையை ஜிப்பின் பற்கள் மட்டுமே தாங்க வேண்டும்.

அந்தப் பற்களை எத்தனை வைப்பது, எப்படி வைப்பது என்று கண்டுபிடிக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய எலியாஸ் ஹோவ், 1851இல் துணி மூடும் சாதனம் ஒன்றுக்கும் காப்புரிமை எடுத்தார்; எடுத்ததோடு சரி, விற்க முனையவில்லை. விட்கோம்ப் ஜட்சன் என்ற அமெரிக்கர் 1893 ஆகஸ்ட் 29இல் காலணிக்கென்று இரண்டு காப்புரிமை பெற்றார். அவருடையது ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் கண்ணி. ரன்னர் ஓடும்போது கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கண்ணியில் மாட்டும். மாட்டியது மாட்டியபடி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆள் குனிந்து மூட்டு வளைந்தால் கொக்கி ஒரு பக்கம் சாய்ந்து கழன்றுவிடும். பெண்களின் பாவாடைக்கென்று 1905 வாக்கில் ஜட்சனின் கம்பெனி விட்ட 'சி-க்யூரிட்டி' என்ற வகை, பெயரில் மட்டும்தான் பத்திரமாக இருந்தது.

கணக்கை மாற்றியவர் கிதியோன் சுண்ட்பேக். சுவீடன்காரர், மின்பொறியாளர். 1906இல் ஜட்சனின் கம்பெனியில் சேர்ந்தார். 1911இல் மனைவி இறந்தபின் வேலையிலேயே மூழ்கிக் கிடந்து, 1913 டிசம்பரில் கொக்கியே இல்லாத புது வடிவத்தை முடித்தார். 1917 மார்ச் 20இல் காப்புரிமை கிடைத்தது. அவர் செய்த திருத்தம் இரண்டு. முதலாவது எண்ணிக்கை: அங்குலத்துக்கு 4 ஆக இருந்த இணைப்பு 10, 11 என்று ஆனது. பல்லுக்குப் பல் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த தூரம் இரண்டரை மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. இரண்டாவது வடிவம்: கொக்கி, கண்ணி என்ற பேதம் போய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பல். ஒவ்வொரு பல்லின் மேலே ஒரு குமிழ், கீழே ஒரு குழி. கீழ்ப் பல்லின் குமிழ் மேற்பல்லின் குழியில் உட்காரும்.

இது ஏன் கழல்வதில்லை? ஒரு பல் வெளியே வரவேண்டுமானால் முதலில் அது சாய வேண்டும், அப்போதுதான் குமிழ் குழியை விட்டு எழும்பும். சாய்வதற்கு மேலும் கீழும் இடம் வேண்டும். மேலும் கீழும் எதிர்வரிசைப் பற்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே நடுவில் இருக்கும் பல்லைப் பக்கவாட்டில் இழுத்தாலும் அதற்கு எளிதில் அசைய வழியில்லை. வழி உள்ள ஒரே இடம் ரன்னரின் உள்ளே. அங்கே ஒய் வடிவத் தடம் நாடாவை வளைக்கிறது. வளைந்த நாடாவின் விளிம்பில் பற்கள் விசிறியாக விரிகின்றன. விரிந்த இடுக்கில் எதிர்ப்பல் நுழைகிறது. ரன்னர் கடந்ததும் நாடா நேராகிறது, இடுக்கு மூடிக்கொள்கிறது. பூட்டுவதும் திறப்பதும் ஒரே உறுப்பு. பூட்டியபின் பிடித்து வைத்திருப்பதில் அதற்கு வேலையே இல்லை.

பற்களைக் கூட்டினால் பிடிப்பு கூடும் என்பது சரி, செலவுப் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் 45 செ.மீ. பையையே எடுங்கள். அங்குலத்துக்கு 4 என்றால் 71 இணைப்பு. 10 என்றால் 177. ஆயிரம் பல்லில் ஒன்று பழுது என்ற தரத்தில் செய்தால், 71 இணைப்புள்ள ஜிப்பில் நூற்றுக்கு 7 குறையுடன் வரும். 177 உள்ளதில் நூற்றுக்கு 16. எந்தக் கடைக்காரரும் இதை வாங்கமாட்டார். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் நூற்றுக்கு 2க்குச் சற்றுக் குறைவு. லட்சத்தில் ஒன்று என்றால்தான் ஆயிரம் ஜிப்பில் 2 என்ற அளவுக்கு வரும். நல்ல வடிவம் காகிதத்தில் கிடைத்துவிட்டது. லட்சம் பல்லை அச்சுப்பிசகாமல் அடிப்பது எப்படி என்பதுதான் அடுத்த கேள்வி. சுண்ட்பேக்கின் பெருமையை நான் அவர் செய்த இயந்திரத்துக்குத்தான் கொடுப்பேன். ஒய் வடிவக் குறுக்குவெட்டுள்ள கம்பியை உள்ளே விட்டால், பல்லாக நறுக்கி, குமிழும் குழியும் அடித்து, நாடாவில் கவ்வ வைத்து வெளியே தள்ளும். கம்பியில் கழிவு கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே பல் என்பதால் ஒரே அச்சு போதும். முதல் ஆண்டிலேயே நாளுக்குச் சில நூறு அடி ஓடியது. நூறு அடிக்கு 12,000 இணைப்பு.

முதல் உலகப்போரில் மாலுமிகளின் பணப்பட்டைக்குப் போன ஜிப், 1923இல் பி.எஃப். குட்ரிச் கம்பெனியின் ரப்பர் பூட்ஸுக்கு ஏறி, 'ஜிப்பர்' என்ற பெயரையும் அங்கேதான் பெற்றது. 1934இல் டோக்கியோவில் யோஷிடா தடாவோ தொடங்கிய ஒய்.கே.கே., கம்பி உருக்குவதிலிருந்து இயந்திரம் செய்வதுவரை எல்லாவற்றையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உலகச் சந்தையைப் பிடித்தது. இந்தியாவில் ஹரியானாவின் பாவலில் அதற்கு ஆலை உண்டு.

இன்று பள்ளிப்பையில் இருப்பது சுண்ட்பேக்கின் பல் அல்ல. நைலான் ஜிப் என்று கடையில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பாலியஸ்டர் இழையைச் சுருளாகச் சுற்றி நாடாவில் தைத்தது. ஒவ்வொரு சுற்றும் ஒரு பல். நுனியை அழுத்திப் புடைக்க வைத்திருப்பார்கள், அந்தப் புடைப்புதான் எதிர்ச்சுற்றில் மாட்டுகிறது. உலோக ஜிப்பில் ஒரு பல் விழுந்தால் விழுந்ததுதான். சுருளில் நடுவே பிளந்துகொண்டால் ரன்னரை அடிவரை இழுத்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். ஆக, பல் தேறிவிட்டது. தேறாதது ரன்னர்.

ரன்னர் பொதுவாகத் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. வார்க்க எளிது, விலை குறைவு, ஆனால் மென்மையான உலோகம். மேல்தகடு ஒன்று, கீழ்த்தகடு ஒன்று, நடுவே பற்கள் நெருங்கிப் போகும் வாய். முதலில் சொன்ன 1,188 மீட்டரை இணைப்புக் கணக்கில் பார்த்தால், அங்குலத்துக்குப் பத்து என்றே வைத்தாலும், 2,640 × 177 = 4,67,280 இணைப்பு ஓராண்டில் அந்த வாய் வழியாகப் போகிறது. மண் துகள் சேர்ந்தால் அது அரம். வாய் மயிரிழை விரிந்தாலும் போதும், பற்கள் மாட்டாமலே கடந்துபோகும். ரன்னர் மேலே ஏறும், பின்னால் ஜிப் வாயைப் பிளந்து நிற்கும். "ஜிப் போச்சு" என்று பையையே தூக்கிப் போடுவார்கள். போனது ரன்னர் மட்டும். தையல்காரர் குறடு எடுத்து ரன்னரின் பின்பக்க ஓரங்களை மெல்ல நெருக்குவது இதற்காகத்தான். அது சில வாரத்துக்குத் தாங்கும். வளைத்த துத்தநாகம் மறுபடி விரியும், அல்லது உடையும்.

இனி விலை. கடைக்குக் கடை மாறும் என்பதால் இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பைக்குப் பெரிய ஜிப்பும் இரண்டு சிறிய ஜிப்பும் சேர்த்து 1 மீட்டர், ரன்னர் 4.

ஜிப் 1 மீட்டர்: ரூ. 10
சாதா ரன்னர் 4, ஒன்று 3 ரூபாய்: ரூ. 12
ஆக மொத்தம்: ரூ. 22
கனமான ரன்னர் 4, ஒன்று 6 ரூபாய்: ரூ. 24
கூடுதல் செலவு, பைக்கு: ரூ. 12

பையின் விலை 400 என்றால் இந்தப் 12 ரூபாய் நூற்றுக்கு 3. பெரிய ஜிப்பை மட்டும் 5ஆம் நம்பரிலிருந்து 8க்கு மாற்றினால் (நம்பர் என்பது மூடிய பல்வரிசையின் அகலம், கிட்டத்தட்ட மில்லிமீட்டரில்) மீட்டருக்கு 6 ரூபாய் ஏறினாலும் 45 செ.மீ.க்கு 2 ரூபாய் 70 காசுதான். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கூடுதல் 12 ரூபாய் லாபமா நஷ்டமா? அது பை எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கள்ளக்குறிச்சி நகரத்தில் ரன்னர் மாற்ற 30 ரூபாய் என்று வைப்போம். 100 பைக்குக் கூடுதலாக 1,200 ரூபாய் போட்டிருக்கிறோம். அதை மீட்க 40 பையாவது பழுதாகாமல் தப்ப வேண்டும். நூற்றுக்கு நாற்பது என்பது அதிகம். சாதா ரன்னரே போதும், போனால் மாற்றிக்கொள்ளலாம் என்று நகரத்துத் தகப்பன் சொன்னால் அது நியாயம்.

கரியாலூரில் இந்தக் கணக்கு செல்லாது. மலையிலும் தையல் மெஷின் உண்டு, தைக்கிற கையும் உண்டு. ஆனால் ரன்னர் அந்த நம்பரிலேயே, அந்த வகையிலேயே இருக்க வேண்டும். சுருள் ஜிப்புக்கு உலோகப் பல் ரன்னர் ஏறாது. அது கைவசம் இல்லையென்றால் கீழே இறங்க வேண்டும். பஸ் போகவர 60 என்று வைப்போம். அரைநாள் போகும், ஊரக வேலைத் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய், அதில் பாதி 168. மாற்றும் கூலி 30. மொத்தம் 258. இப்போது 1,200ஐ மீட்க 5 பை தப்பினால் போதும். அதே ரன்னர், அதே 12 ரூபாய். சமவெளியில் 40, மலையில் 5.

258 ரூபாய் செலவழித்து யாரும் ரன்னர் மாற்றமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். ஊக்கு குத்துவார்கள், கயிறு கட்டுவார்கள், வாரச் சந்தை வரை பொறுப்பார்கள். பை கைவிடப்பட்டால் நஷ்டம் 400, அப்போது 3 பை தப்பினாலே கணக்கு நேராகிவிடும். எந்த வழியில் பார்த்தாலும் கனமான ரன்னர் முதலில் போகவேண்டியது மலைக்கு. நடப்பில் தலைகீழ்: விலை குறைந்த பைதான் மலைச்சந்தைக்கு ஏறுகிறது.

பிள்ளைகளுக்கு விலையில்லாப் பை கொடுக்கும் அரசுக்கு இந்த 12 ரூபாய் பெரிய தொகையா என்றால், ஒப்பிட ஓர் எண் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது முந்தைய முதல்வர்களின் படம் போட்ட விலையில்லாப் பைகள் 65 லட்சம் கையிருப்பில் இருந்தன. படத்தை மாற்றாமல் அப்படியே கொடுக்கச் சொன்னதால் 13 கோடி ரூபாய் மிச்சம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் பைக்கு 20 ரூபாய். 65 லட்சம் பைக்கும் கூடுதல் 12 ரூபாய் என்றால் 7 கோடியே 80 லட்சம். படத்துக்கு ஆகவிருந்த செலவில் ரன்னர் மாற்றி, ஐந்து கோடிக்கு மேல் கையிலும் நின்றிருக்கும். மலைப்பள்ளிகளுக்கு மட்டும் என்றால் தொகை இன்னும் எவ்வளவோ சிறியது.

வாங்குகிறவர் எதைக் கேட்க வேண்டும்? "நல்ல ஜிப்" என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்று பொருள். நம்பர் எழுத வேண்டும். ரன்னரின் எடையையும், பின்வாய் இடைவெளியையும், எத்தனை ஓட்டத்துக்குப் பிறகு அளக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஓராண்டு உழைக்க வேண்டிய பைக்கு 2,640 ஓட்டம். பிளக்கும் விசைக்கு ஏஎஸ்டிஎம் டி 2061 போன்ற சோதனைமுறை இருக்கிறது: ஓர் அங்குல அகலக் கவ்வியால் இரண்டு நாடாவையும் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, எந்த விசையில் பல் விடுகிறது என்று குறிப்பார்கள். பையில் பெரும்பாலும் பூட்டு இல்லாத ரன்னர்தான் வரும். இழுவையை விட்டதும் உள்ளே ஒரு முள் இறங்கிப் பற்களுக்கு இடையில் நிற்கும் பூட்டு ரன்னர் பேண்டில் உண்டு. பூட்டு இல்லாத இரண்டு ரன்னர் பையின் உச்சியில் சந்தித்தால் உப்பல் அவற்றை இருபுறமும் தள்ளும். இரண்டையும் ஒரு பக்கமாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தினால் தள்ளல் குறையும். இதற்குச் செலவு இல்லை.

அப்படியும் ரன்னர் போனால் மலையிலேயே மாற்றிக்கொள்ளலாம். 1,000 பிள்ளைகள் உள்ள இடத்துக்குப் பத்துக்கு ஒன்று வீதம் 100 உபரி ரன்னர், 6 ரூபாய் வீதம் 600. குறடு ஒன்று 150, ஊசி நூல் 50. மொத்தம் 800 ரூபாய், பிள்ளைக்கு 80 காசு. ஜிப்பின் நுனித் தையலை அரை அங்குலம் பிரித்து, பழைய ரன்னரை உருவி, புதியதைக் கோத்து, நுனியை மறுபடி நாலு தையல் போட்டு மூட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்ளும்.