நிறைகுடமும் கொண்டை ஊசி வளைவும்

"குறைகுடம் தளும்பும், நிறைகுடம் தளும்பாது" என்பது பழமொழி. அரைகுறையாகப் படித்தவன்தான் ஆரவாரம் செய்வான் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் நீலகிரி மலைப் பாதையில் டாங்கர் லாரி ஓட்டுகிறவருக்கு அது வெறும் உவமை அல்ல. உயிர் காக்கும் பாடம்!

தளும்புவதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லாஷ்' என்று ஒரு சொல் உண்டு. (கத்தியால் கீறுவதைக் குறிக்கும் 'ஸ்லாஷ்' வேறு, இது வேறு.) சேற்று நீரில் சளசள என்று நடப்பதையும், திரவத்தைத் தாராளமாகக் கொட்டுவதையும்கூட அதே சொல்லால் குறிப்பார்கள்.

தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. வாசலில் தண்ணீர் தெளிக்கிறோம். சேறு தெறிக்கிறது. பால் சிந்துகிறது. இவை எல்லாம் வெளியே விழுபவை. பாத்திரத்துக்குள்ளேயே அலைபாய்ந்தால்தான் 'தளும்புகிறது' என்கிறோம். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

பாதி டாங்கி, முழு அபாயம்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூரோ சுமார் 1,850 மீட்டர் உயரம். இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையிலோ 36 வளைவுகள்!

லாரி வளைவில் திரும்பும்போது, உள்ளே இருக்கும் பெட்ரோலோ பாலோ உடனே திரும்புவதில்லை. வெளிப்பக்கச் சுவரில் போய் மோதுகிறது. பாரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது. லாரி கவிழ அதுவே போதும். பிரேக் போட்டாலோ திரவம் முன்னால் பாய்ந்து வண்டியை நெட்டித் தள்ளும்.

டாங்கி ஏறக்குறைய நிறைந்திருந்தால் திரவம் ஓட இடம் இல்லை. பாதி காலியானால்தான் அது ஆட்டம் போடும். குறைந்த பாரம்தானே என்று அலட்சியமாக ஓட்டுவது எவ்வளவு தவறு, பார்த்தீர்களா?

இதற்காகவே டாங்கிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். பெட்ரோல் லாரியில் தனித்தனி அறைகளும் உண்டு. ஓர் ஊரில் ஓர் அறையைக் காலி செய்தாலும், அடுத்த அறை நிறைந்தே இருக்கும். ஆனால் குறுக்கே வைத்த தகடு முன்னும் பின்னும் பாய்வதைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் சாய்வதை அதிகம் தடுக்காது. வளைவில் வேகத்தைக் குறைப்பதே அதற்கு வழி.

ராக்கெட்டையும் விடவில்லை

இந்தத் தளும்பல் ராக்கெட்டையே ஆட்டி வைத்தது. 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் ஏவிய 'பால்கன் 1' ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவில்லை. இரண்டாம் அடுக்கின் டாங்கியில் திரவ ஆக்சிஜன் தளும்பியதில், ராக்கெட் நிலைகுலைந்து சுழன்றுவிட்டது. அந்த டாங்கியில் தடுப்புத் தகடு வைக்கவில்லை!

குடத்து நீரின் மேல் ஒரு கொத்து இலையைப் போட்டுச் சுமந்து வரும் கிராமத்துப் பெண்களுக்கு இந்த உபாயம் தெரியும். நுரை பொங்க ஆற்றிய குன்னூர் டீயும் அப்படித்தான்; மேலே உள்ள நுரை தளும்பலை அடக்கிவிடுகிறது. நுரைக்கு இந்தச் சக்தி உண்டு என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2015-ல் சோதனை செய்து விளக்கினார்கள்.

இன்னொரு பொருள்

ஆங்கிலப் பேச்சு வழக்கில் 'ஸ்லாஷ்டு' என்றால், குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன் என்று பொருள். மலைப் பாதைக்கு இந்தப் பொருளும் பொருத்தமானதே. ஏறி வரும் வண்டிக்கு வழி விடவேண்டும், இறங்கும்போது இரண்டாவது கியரில் வரவேண்டும் என்ற விதிகள் எல்லாம் நிதானமாக இருப்பவருக்குத்தான் நினைவிருக்கும்.

டாங்கி தளும்பினால் தடுக்கத் தகடு உண்டு. டிரைவரின் தலை தளும்பினால் தடுக்க எந்தத் தகடும் இல்லை!